ஷ்ரிங்க் பிளாஸ்டிக்குக்கு எந்த மேல்பூச்சு? ஒரு நெயில் பாலிஷ் கத்துக்கொடுத்த பாடம்

போன தடவை லீவுக்கு லப்பைக்குடிக்காட்டுக்குப் போயிருந்தப்போ நான் செஞ்ச ஒரு தப்புலேருந்து இந்த எபிசோடை ஆரம்பிக்கிறேன்.

மச்சான் சவுதிக்குத் திரும்ப மூணு நாள்தான் பாக்கி. அக்கா மக, எட்டு வயசு, அத்தாவுக்குக் கொடுத்தனுப்ப ஷ்ரிங்க் பிளாஸ்டிக் ஷீட்ல ஒரு படம் வரைஞ்சா. ஒரு வீடு, வாசல்ல ஒரு ஆடு, பக்கத்துல நாலு பேர். எல்லாம் பெர்மனன்ட் மார்க்கர். அவன்ல வெச்சு சுருக்கினோம், அழகான கீ செயின் ஆயிடுச்சு. சாவிக்கொத்துல உரசி உரசிப் படம் அழிஞ்சிடுமேன்னு, கைக்குக் கிடைச்ச கலர் இல்லாத நெயில் பாலிஷை எடுத்து மேல ஒரு இழுப்பு இழுத்தேன். ஆடு கரைஞ்சு வீட்டுக்குள்ள போயிடுச்சு. நாலு பேர்ல யார் யாருன்னு தெரியல. காய்ஞ்சதும் பிளாஸ்டிக்கே மங்கலா, சொரசொரப்பா ஆயிருந்தது. அவ அழல. "மாமா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"ன்னு மட்டும் சொன்னா. பேக்கப் எடுக்காம நேரா லைவ்ல கைவெச்ச மாதிரிதான். என் தொழில்ல இதுக்கு மன்னிப்பே கிடையாது.

ஏன் இப்படி ஆச்சுன்னு அன்னைக்கு ராத்திரி உக்காந்து பார்த்தேன். அதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போறேன்.

சுருங்குறது எப்படி?

ஷ்ரிங்க் பிளாஸ்டிக்ங்கிறது பாலிஸ்டைரீன். மறுசுழற்சி முக்கோணத்துக்குள்ள 6-ன்னு போட்டிருக்குமே, அதே வகை. தொழிற்சாலையில அதைச் சூடா இருக்கும்போதே இழுத்து விரிச்சு, அப்படியே சட்டுன்னு குளிர வெச்சிடுவாங்க. உள்ளே இருக்கிற நீளமான மூலக்கூறு சங்கிலிகள் இழுபட்ட நிலையிலேயே மாட்டிக்கும். ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸைத் தாண்டினதும் பிடி தளர்ந்து, அவை பழையபடி சுருண்டுக்கும். வீட்டு அவன்ல நாம வைக்கிறது சுமார் 160 டிகிரி. நீளமும் அகலமும் பாதிக்கும் கீழே போயிடும், அந்த அளவுக்குத் தடிமன் கூடும். 1973-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின்ல பெட்டி மோரிஸ், கேட் புளூம்பெர்க்ங்கிற ரெண்டு பெண்கள் இதைக் குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொருளாக்கி, 'ஷ்ரிங்கி டிங்க்ஸ்'னு பேர் வெச்சாங்க.

இதோட பலவீனமும் இந்த வேதியியல்லதான் இருக்கு. பாலிஸ்டைரீனைத் தண்ணி ஒண்ணும் செய்யாது, ஆல்கஹாலும் பெருசா ஒண்ணும் செய்யாது. ஆனா அசிட்டோன், டொலுவீன், எத்தில் அசிட்டேட் இதெல்லாம் அதை இளக்கும், கரைக்கும். நெயில் பாலிஷ்ல இருக்கிறது எத்தில் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட். அவையே மார்க்கர் மையையும் கரைக்கும். நான் ஒரே இழுப்புல ரெண்டையும் சேர்த்துக் கெடுத்திருக்கேன்.

வாங்குறதுக்கு முன்னாடி மூணு கேள்வி

ஒண்ணு, இந்தப் பூச்சுல இருக்கிற கரைப்பான் பிளாஸ்டிக்கைத் தொடுமா? ரெண்டு, அதே கரைப்பான் மையைக் கரைக்குமா? மூணு, இந்தப் பொருள் நாளைக்கு எதையெல்லாம் சந்திக்கப் போகுது?

பெர்மனன்ட் மார்க்கர் ஆல்கஹால்ல கரையும், தண்ணியில கரையாது. அதனால அதுக்குத் தண்ணி கலந்த அக்ரிலிக் வார்னிஷ் சரி. சாதாரண ஸ்கெட்ச் பென், இங்க்ஜெட் பிரிண்டர் மை பெரும்பாலும் தண்ணியிலேயே ஓடும். அதுக்கு அந்த வார்னிஷைப் பிரஷ்ல தடவினா கலங்கிடும். அங்கே ஸ்பிரேதான் முதல் பூச்சு. கலர் பென்சில் ரெண்டுக்கும் தாங்கும், ஆனா விரல் பட்டுத் தேயும். அதனால பூச்சு கட்டாயம் வேணும்.

இன்னொண்ணு, எல்லாப் பக்கமும் பூசணும்னு இல்ல. கண்ணாடி மாதிரி இருக்கிற ஷீட்ல பின்பக்கம் வரைஞ்சா, வழவழப்பான முன்பக்கம் தானாவே கவசமா இருக்கும். மை இருக்கிற பக்கம் மட்டும் பூசினா போதும்.

எது எதுக்கு?

தண்ணி கலந்த அக்ரிலிக் வார்னிஷ்: முதல்தடவை செய்யறவங்களுக்கு இதுதான். வாடை குறைவு, பிளாஸ்டிக்கைத் தொடாது. காதணி, புக்மார்க்குக்குப் போதும். பசையும் வார்னிஷும் ஒண்ணா இருக்கிற டெக்கூபாஜ் வகை மட்டும் ஈரக்காத்துல பிசுபிசுக்கும். கீ செயினுக்கு வேண்டாம்.

அக்ரிலிக் ஸ்பிரே: சீக்கிரம் காயும், பிரஷ் தடம் விழாது. ஆனா நிறைய ஸ்பிரேல அசிட்டோனோ டொலுவீனோ இருக்கும். கிட்ட வெச்சுத் தடிமனா அடிச்சா பிளாஸ்டிக் வெடிப்பு விடும். ஒரு அடி தள்ளி, தூசி படியற மாதிரி மெல்லிசா, பல தடவை அடிக்கணும். ஐப்பசி, கார்த்திகை மழையில அடிக்காதீங்க. காத்துல இருக்கிற ஈரம் படிஞ்சு மேல வெள்ளையா மூடிக்கும்.

யூ.வி. ரெசின்: கண்ணாடி மாதிரி உப்பலா நிக்கும், உரசலை நல்லாத் தாங்கும். சின்ன விளக்குல சில நிமிஷத்துல இறுகும், நம்ம ஊர் வெயில்லயும் இறுகும். இறுகாத ரெசின் தோல்ல பட்டா அலர்ஜி வரலாம். நைட்ரைல் கையுறை போடுங்க, ஜன்னலைத் திறந்து வைங்க, சின்னப் பிள்ளைங்க கையில கொடுக்காதீங்க.

நெயில் பாலிஷ், ஹார்டுவேர் கடைத் தின்னர் கலந்த லேக்கர் ரெண்டும் வேண்டவே வேண்டாம். சூப்பர் குளூவும் வேண்டாம், அதோட ஆவி பட்டுச் சுத்தி வெள்ளை படியும்.

பூசற முறை

ஓட்டை போடறது சுருக்கறதுக்கு முன்னாடி, பூசறது சுருக்கி முழுசா ஆறின பிறகு. பூச்சு போட்ட துண்டைத் திரும்ப அவன்ல வைக்காதீங்க. சானிடைசர் போட்டுத் துடைக்காதீங்க, மார்க்கர் மை அதோட போயிடும்; உலர்ந்த மெல்லிய துணி போதும். மெத்தான பிரஷ்ல ஒரே திசையில ஒரு தடவை, மறுபடி மறுபடி தேய்க்காம. காய்ஞ்சதும் இன்னொண்ணு. மெல்லிசா மூணு பூச்சு, தடிமனான ஒரு பூச்சைவிட நிக்கும். ஓரங்களை விட்டுடாதீங்க, உரிய ஆரம்பிக்கிறது அங்கேதான். ஓட்டை அடைக்காம ஒரு பல்குத்தியைச் சொருகி வைங்க.

தொட்டா ஒட்டலைங்கிறது வேற, உள்ளே முழுசா இறுகறது வேற. ரெண்டாவதுக்கு நாள்கணக்கா ஆகும். டப்பாவுல போட்டிருக்கிற நேரத்தை நம்புங்க, விரலை நம்பாதீங்க.

எல்லாத்துக்கும் மேல, அதே ஷீட், அதே மையில ஒரு ஓரத்துண்டைச் சுருக்கி அதுல முதல்ல பூசிப் பாருங்க. அஞ்சு ரூபாய்கூடப் பெறாத துண்டு. அது இருந்திருந்தா அந்த ஆடு தப்பிச்சிருக்கும்.

மூணாவது கேள்விக்கு வருவோம்

எங்க ஊர்ல யோசிக்க வேண்டியது அத்தர். பாலிஸ்டைரீனைச் சில வாசனை எண்ணெய்கள் தாக்கும். ஆரஞ்சுத் தோல் எண்ணெயில இருக்கிற லிமோனீன் தெர்மாகோலையே கரைக்கும், தெர்மாகோலும் பாலிஸ்டைரீன்தான். அத்தர் பாட்டிலும் இந்தக் கீ செயினும் ஒரே பையில கிடந்தா, மேல பூச்சு இல்லாத ஓரம் வழியா வேலை நடக்கும். அதே மாதிரி, வெயில்ல நிறுத்தின காரோட டாஷ்போர்டு மேல வைக்காதீங்க. திரும்பச் சுருங்கற சூடு அங்கே வராது. ஆனா ரெசின் மஞ்சளாகும், இளகும்.

மறுநாள் காலையில அவகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு, இன்னொரு ஷீட் கொடுத்தேன். திரும்ப வரைஞ்சா. இந்தத் தடவை ஆட்டுக்குக் கொம்பு இருந்தது. ஓரத்துண்டுல சோதிச்ச பிறகு, தண்ணி வார்னிஷ் ரெண்டு மெல்லிய பூச்சு. ரெசின் நேரா மை மேல பட்டா சில சமயம் மை ஓடும், அதுக்கு இது தடுப்பு. அது ராத்திரி பூரா காய்ஞ்சு, மறுநாள் அதுமேல யூ.வி. ரெசின். பூசும்போது அவ பக்கத்துல நின்னு, என் கையை விட்டுக் கண்ணை எடுக்கல.

கிளம்பற அன்னைக்கு மச்சான் அதைச் சாவியோட கோத்துக்கிட்டார். நான் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன்: "மச்சான், அத்தரை வேற பாக்கெட்ல வைங்க."