காவல் பணியை நாடும் மலைப் பிள்ளைகளுக்கு

அட்டுவம்பட்டியிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் பூண்டும் உருளைக்கிழங்கும் பயிரிடும் குடும்பங்களில், பத்தாம் வகுப்போ பட்டப் படிப்போ முடித்த பிள்ளைகள் இன்று பலர் உளர். 1984-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் அட்டுவம்பட்டியிலேயே அமைந்திருத்தலால், பெண் பட்டதாரிகளும் நம்மிடையே அரியரல்லர். இவர்களுள் காவல் துறையை நாடுவோர்க்கும், அவர்தம் பெற்றோராகிய சங்க உறுப்பினர்களுக்கும் சில செய்திகளைத் தெளிவுறக் கூற விழைகின்றோம்.

வண்டலூரை அடுத்த ஊனமாஞ்சேரியில் தமிழ்நாடு காவல் உயர் பயிற்சியகம் இருக்கின்றது. அதனை ஏனைய கல்லூரிகளைப் போலக் கருதி, 'அங்கு இடம் வாங்க எவ்வளவு ஆகும்?' என்று வினவுவோர் உளர். அங்கு விலைக்கு இடம் இல்லை. 1991-ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் முதலில் ஆளைத் தேர்ந்தெடுக்கும். அதன் பின்னரே பயிற்சி. உதவி ஆய்வாளர்கள் உயர் பயிற்சியகத்திலும், இரண்டாம் நிலைக் காவலர்கள் காவலர் பயிற்சிப் பள்ளிகளிலும் பயிற்சி பெறுவர்.

2023-ஆம் ஆண்டின் அறிவிப்புகளின்படி, காவலர் பணிக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் 18 முதல் 26 வரை வயதும் வேண்டும். உதவி ஆய்வாளர் பணிக்குப் பட்டமும் 20 முதல் 30 வரை வயதும் வேண்டும். பிற்படுத்தப்பட்டோர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஆதரவற்ற விதவையர் முதலியோர்க்கு வயது வரம்பில் சலுகை உண்டு. ஆண்களுக்கு உயரம் 170 செ.மீ.; தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினர்க்கு 167. மார்பு 81 செ.மீ. இருத்தல் வேண்டும், மூச்சை இழுக்குங்கால் 5 செ.மீ. விரிதல் வேண்டும். பெண்களுக்கு உயரம் 159 செ.மீ.; தாழ்த்தப்பட்ட, பழங்குடிப் பெண்களுக்கு 157.

எழுத்துத் தேர்வோடு தமிழ் மொழித் தகுதித் தேர்வும் உண்டு. அதில் நூற்றுக்கு நாற்பது விழுக்காடு பெறாதோரின் மற்ற விடைத்தாள் திருத்தப்படாது. ஆகவே, தாய்மொழிதானே என்று தமிழை அசட்டை செய்தல் ஆகாது.

பின்னர் ஓட்டம். ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்திலும், பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்திலும் கடத்தல் வேண்டும். ஆண்களுக்குக் கயிறேறுதலும் உண்டு. மேடும் பள்ளமும் ஏறியிறங்கிய கால்கள் நம் பிள்ளைகளுடையவை; எனினும் சமதளத்தில் கடிகாரம் வைத்து ஓடிப் பழகுதல் இன்றியமையாதது. அறிவிப்பு வந்த பின் ஓடத் தொடங்குவது, மழை வந்த பின் கூரை வேய்வதை ஒக்கும்.

சாதிச் சான்றினை முன்கூட்டியே பெறுக. பழங்குடியினர் சான்று கோட்டாட்சியர் நிலையில் விசாரித்து வழங்கப்படுவதாகலின் காலம் பிடிக்கும். வழக்கு ஏதேனும் இருந்தால் அதனை மறையாது எழுதுக. நன்னடத்தை விசாரணையில் மறைப்பு வெளிப்படின், கைக்கு வந்த வேலையும் போகும்.

இனிப் பெற்றோர்க்கு ஒரு சொல். மேற்கூறிய ஆண்டில் தேர்வுக் கட்டணம் காவலர்க்கு 250 ரூபாய். உதவி ஆய்வாளர்க்கு 500 ரூபாய். இதற்கு மேல் கேட்பவன் எவனாயினும் அவன் தரகனே. தவணை தவறாது செலுத்துவோர்க்கு வட்டியின்றிக் கிடைக்கும் பயிர்க்கடனை வாங்கித் தரகன் கையில் கொடுத்தால், விதைக்கும் உரத்திற்கும் பணம் இராது, தவணை தவறும், வட்டிச் சலுகை போகும், அடகு வைத்த நகையும் ஏலத்திற்கு வரும். வேலையோ வரப்போவதில்லை.

உரிமை மறுக்கப்பட்டதாகக் கருதினால் அதற்கும் நேர்வழி உண்டு. திருநங்கையாகிய பிரித்திகா யாஷினி சென்னை உயர் நீதிமன்றத்தை நாடி, 2015-இல் தீர்ப்புப் பெற்று, 2017-இல் உதவி ஆய்வாளராகப் பணியேற்றார். எந்தத் தரகனும் அவருக்குக் கதவு திறக்கவில்லை.

சங்கங்களும் இதில் வாளாவிருத்தல் கூடாது. தேர்வு அறிவிப்பு வெளியானதும் அதனைச் சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டுக. விண்ணப்பம் இணையத்தின் வழியே அனுப்பப்படுவதாகலின், அறிந்த செயலாளர் அறியாத உறுப்பினர் வீட்டுப் பிள்ளைக்கு அரை மணி நேரம் உதவுக. பழைய வினாத்தாள்களைத் திரட்டிப் பொதுவில் வைத்துப் படிக்கச் செய்க. கடனைப் பயிருக்கும் பிள்ளையைப் பயிற்சிக்கும் செலுத்துவோம்; இரண்டும் தக்க காலத்தில் பலன் தரும்.