மரணசாதனத்தில் எழுதிய தருமம்

தம் பொருளில் ஒரு பகுதியைத் தெய்வப் பணிக்கென மரணசாதனத்தில் எழுதிச் செல்லுதல் நம்மவரிடையே நெடுநாள் வழக்கு. எழுதியவர் உயிரோடிருக்கும்வரை அவ்வேட்டுக்கு ஆற்றல் இல்லை. அது ஆற்றல் பெறும் வேளையில், கருதியது யாதெனக் கேட்டறிய அவர் இல்லை. ஆதலின் நீதிமன்றம் அவர்தம் சொற்களையே பற்றி நிற்கின்றது.

சொல் எத்துணை வலிது என்பதற்குப் பம்பாயில் எழுந்த வழக்கொன்று சான்று. ஒருவர் தம் சொத்தைத் ‘தருமத்துக்கு’ என எழுதி வைத்தார். இன்ன தருமம் எனக் குறித்தாரல்லர். இலண்டனிலிருந்த கோமறைக் கழகம் 1899இல் அக்கொடை செல்லாதெனத் தீர்த்தது. நீதிபதிகள் உவில்சன் என்பாரின் அகராதியைப் புரட்டினர். சட்டம், அறம், கடமை எனப் பல பொருள் அச்சொல்லுக்கு அங்கே காணப்பட்டன. பொருள் இவ்வாறு விரியுமாயின், பொறுப்பாளர் செய்தது சரியோ பிழையோ என நீதிமன்றம் கண்காணித்தல் இயலாது என்பது அவர்தம் நியாயம். 1805இல் ஆங்கில நாட்டில் நிலைநாட்டப்பட்ட கொள்கையே அது. சொத்து உரித்தாளர்பாற் சென்றது.

தருமம் யாதென நம் பாட்டிமாரும் அறிவர். அதற்கு ஆங்கிலேயர் செய்த அகராதி வேண்டுமோ என்று கேட்கத் தோன்றும். அக்கேள்வியில் நியாயம் உண்டு. பம்பாய் மாகாணமே 1950இல் இயற்றிய பொது அறநிலையச் சட்டத்தில், தருமம், புண்ணியகாரியம் போன்ற நோக்கங்களுக்கு ஏற்பட்ட பொது அறநிலையம், நோக்கம் திட்டமாகவில்லை என்ற காரணம் ஒன்றால் மட்டும் செல்லாததாகாது என விதித்தது. எனினும் கோமறைக் கழகத்தின் அச்சத்தையும் முற்றாகத் தள்ளுதற்கில்லை. அன்னதானமோ, கிணறோ, பாடசாலையோ எனத் தெரியாத இடத்தில், பொறுப்பாளர் தம் விருப்பத்தையே தருமம் எனக் கூறிவிடலாம் அன்றோ?

1909இல் கல்கத்தா உயர்நீதிமன்றத்தின் முழு ஆயம் கண்ட வழக்கு வேறுவகையது. தமது மரணத்தின்பின் காளியின் திருவுருவம் நிறுவிப் பூசை நடத்துமாறு ஒருவர் எழுதியிருந்தார். எழுதியவர் இறக்கும்போது உயிரோடில்லாத ஒருவருக்குக் கொடை செல்லாது என்பது 1872இல் தாகூர் வழக்கில் உறுதியான விதி. நிறுவப்படாத திருவுருவமும் அன்னதன்றோ என வாதிட்டனர். அவ்விதி மாந்தருக்குச் செய்யும் கொடையைப் பற்றியது. தெய்வ வழிபாடாகிய நோக்கத்தைப் பற்றியதன்று என ஆயம் தெளிவுறுத்திக் கொடையை ஏற்றது.

பத்தி மட்டும் போதுமோ எனின், போதாது. கணவரின் சமாதியில் வழிபாடு என்றும் நடைபெறவேண்டும் என விட்ட சொத்தைப் பற்றி 1953இல் இந்திய உயர்நீதிமன்றத்துக்கு மேலான உச்சநீதிமன்றம் ஆராய்ந்தது. அது மரணசாதனமன்று, உறுதி வழிவந்த கொடை. ஆயினும் விதி ஒன்றே. சாத்திரத்தில் இடம்பெறாத அந்நோக்கத்துக்குச் சொத்தை என்றென்றைக்கும் கட்டிவைத்தல் ஆகாது எனத் தீர்த்தது. தெய்வமாகப் போற்றப்படும் அடியார்தம் நிலை வேறென்பதையும் கூறிற்று.

இலங்கையில், 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம், சமய வளர்ச்சியையும் சமயக் கிரியைகளைப் பேணுதலையும் அறநோக்கங்களுள் வெளிப்படையாகச் சேர்த்துள்ளது. ஆயின், அது பொதுமக்களுக்கோ அவர்களில் ஒரு பகுதியினருக்கோ பயன்படல் வேண்டும். ஒரு குடும்பத்தார் மட்டுமே வழிபடும் வீட்டறைக்கு எழுதுவோர் இதனைக் கருதுதல் நன்று. ஏட்டின் வடிவும் குறைவுறலாகாது: 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி நொத்தாரிசும் இரு சாட்சிகளும், அன்றேல் ஐந்து சாட்சிகள் முன்னிலையிற் கையொப்பம் வேண்டும்.

எந்தக் கோயில், எந்தப் பூசை, எக்காணியின் வருவாய், முதற் பொறுப்பாளர் இறந்தபின் அடுத்தவர் யார் என்பனவற்றை எழுதுவதற்கு நொத்தாரிசுக்கு ஐந்தாறு வரிகளே மிகும்.