மலிவாக வரும் இரும்புக் கம்பி



இன்று சிலாங்கூரின் தலைநகராக விளங்கும் ஷா ஆலம், முன்பு சுங்கை ரெங்கம் என்னும் தோட்ட நிலம். தோட்டத்தை விட்டு அங்கே மலிவு விலை வீட்டுக்குப் போன நம்மவர் பலர், கையில் காசு சேர்ந்ததும் அடுப்படியை நீட்டிக் கட்டுகிறார்கள். அப்போதுதான் இரும்புக் கம்பியின் விலை தெரிகிறது.

வெளிநாட்டுக் கம்பி மலிவாக வந்தால் நல்லதுதானே என்பீர்கள். ஒரு வியாபாரி தம் ஊரில் 2 வெள்ளிக்கு விற்கும் சவுக்காரத்தை நம் தோட்டத்தில் 1 வெள்ளி 50 காசுக்குக் கொடுக்கிறார் என்று வையுங்கள். தோட்டத்துக் கடை மூடிவிட்டால், பிறகு அவர் சொன்னதே விலை. இப்படிச் சொந்த நாட்டு விலைக்கும் குறைத்து அயல்நாட்டில் விற்பதைப் பொருள் குவிப்பு என்கிறோம்.

இதைத் தடுக்க நம் நாட்டில் 1993-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. உள்ளூர் உற்பத்தியாளர்கள் வாணிப அமைச்சிடம் மனுக் கொடுக்க வேண்டும். விலை குறைவு என்றால் மட்டும் போதாது. அதனால் இங்குள்ள தொழில் நலிந்தது என்றும் காட்ட வேண்டும். பிறகே கூடுதல் வரி.

2006-ஆம் ஆண்டில் இன்னொரு சட்டமும் வந்தது. இதற்குக் குறைத்து விற்றார்கள் என்ற குற்றச்சாட்டே வேண்டாம். இறக்குமதி திடீரெனப் பெருகி உள்ளூர்த் தொழிலுக்குப் பெருங்கேடு வந்தாலே போதும். இதன்படிதான் கான்கிரீட் கம்பிக்கு 2017 ஏப்ரலில் 13.42 விழுக்காடு வரி விதித்தார்கள். அடுத்த ஆண்டு 12.27, மூன்றாம் ஆண்டு 11.10. 2020 ஏப்ரலில் அது முடிந்தது.

அந்த வரியைக் கட்டியவர் யார்? வெளிநாட்டு ஆலைக்காரர் அல்லர். 1,000 வெள்ளிக் கம்பிக்கு 134 வெள்ளி 20 காசைச் சுங்கத்தில் கட்டியவர் இங்குள்ள இறக்குமதியாளர். அவர் அதைக் கடைக்காரர் தலையில் வைப்பார். கடைக்காரர் வீடு கட்டுகிறவர் தலையில் வைப்பார். ஆனால், கிள்ளான் புக்கிட் ராஜாவின் எஃகு ஆலையில் அதே வீட்டுப் பிள்ளை வேலை செய்தால்? அடுப்படிக்குக் கூடுதல் செலவானாலும் மாதச் சம்பளம் நிற்காது. ஆண்டுதோறும் வரி குறைந்தது எனக்குச் சரியாகவே படுகிறது. ஆலை தன்னைச் சீர்செய்துகொள்ளத்தானே அவகாசம்!

கேட்டவர்க்கெல்லாம் வரி கிடைப்பதில்லை. தரையிலும் சுவரிலும் பதிக்கும் பீங்கான் ஓடுகளுக்காக 2020-இல் தொடங்கிய விசாரணை, வரி ஏதுமின்றி 2021 ஜனவரியில் முடிக்கப்பட்டது.