மார்கழியில் சுவரைக் குளிப்பாட்டாதீர்கள்

மழை விட்டு வெயில் தலைகாட்டியதும் வீட்டுச் சுவர்களில் கரும்பாசி வரிவரியாகத் தெரியத் தொடங்கும். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து நீர் எங்கெங்கே ஒழுகி இறங்கியதோ அங்கெல்லாம் மை கொட்டியது போல ஒரு கோடு. பொங்கலுக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கும். பெயிண்டருக்குச் சொல்லியாகிவிட்டது; அவர் வாடகைக்கு எடுத்த பிரஷர் வாஷரோடு வந்து இறங்குகிறார். அரை நாளில் சுவர் வெளுத்துவிடுகிறது. மறுநாள் பிரைமர், நான்காம் நாள் எமல்ஷன், பொங்கலன்று புதுவீடு. சித்திரை பிறப்பதற்குள் அதே சுவரில் பெயிண்ட் கொப்பளித்து, நகத்தால் நெம்பினால் ஏடு ஏடாகக் கழன்று வருகிறது. எல்லோரும் பெயிண்டைக் குறை சொல்கிறார்கள். பெயிண்டில் பெரும்பாலும் குறை இருப்பதில்லை. மூன்று மாத மழையைக் குடித்து நிற்கும் சுவருக்குள் இன்னும் கொஞ்சம் நீரை அடித்துச் செலுத்தி, அது வெளியேறுவதற்குள் மேலே மூடி போட்டுவிட்டோம்.

தமிழ்நாட்டின் கடலோர மாவட்டங்களுக்கு ஆண்டு மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கிடைத்துவிடுகிறது. நல்ல செங்கல்லே ஒரு நாள் முழுக்க நீரில் ஊறினால் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை நீர் ஏற்கலாம் என்று கட்டுமானத் தர விதி அனுமதிக்கிறது. 3 கிலோ கல் என்றால் 600 மில்லி. பூச்சுக்குள் அடங்கியிருக்கும் கல் அவ்வளவு குடிக்காது என்பது உண்மைதான். ஆனால் குடித்தது எவ்வளவாக இருந்தாலும் அது சுவரின் முகத்திலிருந்து மெல்ல ஆவியாகித்தான் போக வேண்டும். மார்கழியில் காலைப் பனியும் சாய்ந்த வெயிலும் சேர்ந்து அதை இன்னும் மந்தமாக்குகின்றன; 9 அங்குலச் சுவர் உள்வரை காய்வதற்கு வாரக்கணக்கில் ஆகும். தீபாவளிக்காகக் கழுவுகிறவர்கள் நிலையும் அதேதான், அவர்கள் அடைமழையின் வாசலில் நின்று கழுவுகிறார்கள். நாம் கழுவும் நாளைப் பண்டிகை தீர்மானித்துவிடுகிறது. சுவருக்கு வேண்டியதோ மாசியும் பங்குனியும்.

நாள் ஒருபுறம் இருக்க, அந்த இயந்திரம் தரும் அழுத்தம் எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. 10 மீட்டர் உயர நீர் 1 பார் அழுத்தம் தரும். ஒரு மாடி வீட்டில் மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் ரப்பர் குழாயில் அந்த ஒரு பார் கூட முழுதாக வராது. வீட்டு உபயோகத்துக்கு விற்கும் பிரஷர் வாஷர்கள் 100 முதல் 150 பார் வரை தருகின்றன. 120 பார் என்பது 1,200 மீட்டர் உயரத்தில், ஏறத்தாழ கொல்லிமலை உயரத்தில், தொட்டி கட்டி அங்கிருந்து வீட்டுக்குக் குழாய் இறக்கியதற்குச் சமம். அந்த அழுத்தத்தில் நாசிலை விட்டுக் கிளம்பும் நீரின் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டரைத் தாண்டும். கனமழையின் பெரிய துளிகூட மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில்தான் விழுகிறது. நம் வீட்டுப் பூச்சு அந்த மழைக்காகப் போடப்பட்டது. நாசிலைத் தள்ளிப் பிடித்தால் வேகம் தணியும், விசிறி போல விரியும் நாசில் போட்டால் இன்னும் தணியும் என்பதெல்லாம் சரி. ஆனால் கறை போகாத இடத்தில் கை தானாக முன்னே போகிறது. கறை அடையாக ஒட்டியிருக்கும் இடத்தில்தான் பூச்சும் ஏற்கெனவே நைந்திருக்கும். ஆக, மிகவும் பலவீனமான இடம் மிகக் கடுமையான அடியை வாங்குகிறது. தரையில் நின்றுகொண்டு சன்ஷேடின் அடிப்பக்கத்தை நோக்கி அடிக்கும்போது, மழை ஒருநாளும் வராத திசையிலிருந்து நீர் வெடிப்புகளுக்குள் ஏறுகிறது. அந்த வெடிப்புக்குப் பின்னால் கம்பி இருக்கிறது. துருப்பிடித்த கம்பி பருத்துத் தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். சன்ஷேடுகள் அடியில் பெயர்ந்து விழுவது இப்படித்தான்.

இவ்வளவு அடித்தும் பாசி சாகிறதா என்றால், இல்லை. சுவரில் நாம் பார்க்கும் கருமைக்குப் பெரும்பாலும் காரணம் நீலப்பச்சைப் பாசி எனப்படும் சயனோபாக்டீரியா. கடும் வெயிலைத் தாங்குவதற்காக இது தன்னைச் சுற்றிக் கருநிறமி ஏறிய உறை ஒன்றைப் போர்த்திக்கொள்கிறது. கோடை முழுக்கக் காய்ந்து உயிரடங்கிக் கிடந்து, முதல் மழையில் மறுபடி விழித்துக்கொள்ளும். நீர்வீச்சு மேலே படர்ந்ததைச் சீவி எடுக்கும். நுண்துளைகளுக்குள் இருப்பது அப்படியே பிழைத்திருக்கும். அதோடு, வழவழப்பாக இருந்த பூச்சின் மேல்தோல் உரிந்து மணல் வெளித் தெரிகிறது. சொரசொரப்பான முகம் தூசியையும் நீரையும் கூடுதலாகப் பிடித்து வைக்கும், பாசிக்கு அதைவிட நல்ல நிலம் கிடையாது. அதனால்தான் ஒருமுறை கடுமையாக அடித்த சுவர் அடுத்த ஆண்டு முன்னைவிடச் சீக்கிரம் கறுக்கிறது, அதற்கு அடுத்த ஆண்டு இன்னும் அழுத்தம் கூட்ட வேண்டியிருக்கிறது.

சிமெண்ட் பூச்சு போட்டு எமல்ஷன் அடித்த சுவர் என்றால் பாசியை முதலில் கொல்ல வேண்டும், பிறகே கழுவ வேண்டும். 15 லிட்டர் பக்கெட் நீருக்கு அரை கிலோ புது பிளீச்சிங் பவுடர் கரைத்து, தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் வடித்து, பயிருக்கு மருந்தடிக்கும் தெளிப்பானில் ஊற்றிக் கீழிருந்து மேலாகத் தெளிக்கலாம். திறந்து வைத்துப் பழசான பவுடரில் குளோரின் பறந்திருக்கும், அதனால் பயனில்லை. கால் மணி நேரம் பொறுத்து, காய்வதற்குள், மென்மையான பிரஷால் தேய்த்து, சாதாரணக் குழாய் நீரில் அலசினால் போதும். ஜன்னல் கிரில்லில் பட்டால் துருவேற்றும் என்பதால் அதை உடனே அலச வேண்டும். செடிகளை முன்னதாக நீரில் நனைத்து மூடிவைக்க வேண்டும். கம்பி வெளியே தெரியும் கான்கிரீட் பக்கம் இதைக் கொண்டுபோகவே கூடாது. கண்ணாடி, அலுமினியத் தகடு பதித்த முகப்புகளுக்கு சோப்பு நீரும் மெல்லிய துணியுமே போதும், அவற்றைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை.

கவலைப்பட வேண்டியது சுண்ணாம்புச் சுவர்களைப் பற்றித்தான். நம் ஊரில் சுவரைக் கழுவும் வழக்கமே இருந்ததில்லை. வாசல் தெளித்தோம், திண்ணை மெழுகினோம், சுவருக்கு வெள்ளையடித்தோம். தாளித்த சுண்ணாம்பின் காரத்தன்மை pH அளவில் 12-க்கு மேல் போகும். அதில் பாசி பிழைக்காது. ஆண்டுக்கொரு மெல்லிய பூச்சு பாசியைக் கொன்றது, மயிரிழை வெடிப்புகளை அடைத்தது, வெயிலைத் திருப்பியடித்தது. சுவர் உள்வாங்கிய ஈரத்தை வெளியே விடவும் தடையாக இல்லை. சுத்தம் செய்வதும் பராமரிப்பதும் ஒரே வேலையாக இருந்தது. எமல்ஷன் வந்தபோது இந்தச் சங்கிலி அறுந்தது. அதன் மேல் சுண்ணாம்பு பிடிக்காது, அதனால் கழுவுவதென்ற தனி வேலை முளைத்தது. சிமெண்ட் வீடுகளுக்கு அதனால் பெரிய நட்டமில்லை. ஆனால் அதே கழுவும் முறையையும் அதே பெயிண்டையும் பழைய சுண்ணாம்பு வீடுகளுக்கும் கொண்டுபோகிறோம், அங்கே நடக்கும் சேதத்துக்கு ஈடே கிடையாது. சுண்ணாம்புப் பூச்சு சிமெண்ட்டைவிட மிகவும் மென்மையானது. 120 பார் நீர் அதன் தோலைக் கிழித்து, உள்ளே இருக்கும் மணலையும் களிமண் சாந்தையும் கரைத்துக்கொண்டு வரும். கடலோர ஊர்களில் சுவருக்குள் உறங்கும் உப்பு அந்த நீரில் கரைந்து, காயும்போது முகப்புக்கு வந்து படிகமாகிப் பூச்சைப் பொரித்து உதிர்க்கும். அதன் மேல் எமல்ஷன் அடித்தால் ஈரம் உள்ளேயே சிறைப்படும்.

செட்டிநாட்டு வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் அந்த ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. அந்த வீடுகளின் சுவர்களில் பல அடுக்காகச் சுண்ணாம்புச் சாந்து பூசி, கடைசி அடுக்கில் நைசாக அரைத்த சுண்ணாம்பில் முட்டை வெண்கரு சேர்த்து, கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளிங்காக்கியிருக்கிறார்கள். அந்தப் பளபளப்பு வெறும் ஓர் ஏடுதான். அது போனால் வீட்டுக்காரர் கையில் மிஞ்சுவது சாதாரணச் சாந்துச் சுவர். முகப்பில் இருக்கும் சுதை உருவங்களின் விரலும் மூக்கும் நகையும் கரண்டி நுனியால் வடித்தவை; நேராக ஒரு வீச்சு பட்டால் போதும். கோயில்களில் இதை ஏற்கெனவே அனுபவித்துவிட்டோம். கும்பாபிஷேகத்துக்கு முன் கற்சுவர்களை மணல் வீச்சால் சுத்தம் செய்து, பல நூற்றாண்டுக் கல்வெட்டுகள் தேய்ந்துபோனதைப் பற்றி ஆய்வாளர்கள் எத்தனையோ முறை குரல் கொடுத்தார்கள். கருங்கல்லுக்கே அந்தக் கதி என்றால் சுண்ணாம்பு எம்மாத்திரம்? கோயிலுக்காகக் கேட்க ஆளிருக்கிறது. பூட்டிக் கிடந்து ஆண்டுக்கொருமுறை திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ திறக்கப்படும் ஒரு வீட்டில், வெளியூரிலிருந்து போனில் ‘நல்லா கழுவிவிடுங்க’ என்று சொல்லும் உரிமையாளருக்கு, எது கழுவப்பட்டுப் போனது என்று தெரியவே வாய்ப்பில்லை.

வாசற்படியிலும் முற்றத்திலும் இன்னொரு ஆபத்து சேர்கிறது. அங்கே ஆசிட் பாட்டில் வந்துவிடும். ஊற்றியதும் நுரை பொங்குவதைப் பார்த்து அழுக்கு கரைகிறது என்று நினைக்கிறோம். கரைவது கல். கடப்பாக்கல்லும் தாண்டூர் கல்லும் சுண்ணாம்புக்கல் வகை, மொசைக் தரையில் இருப்பது சலவைக்கல் சில்லும் சிமெண்ட்டும், ஆத்தங்குடிக் கல்லின் பூவேலை நிறம் கலந்த சிமெண்ட். அமிலம் இவை எல்லாவற்றையும் தின்னும். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்திலேயே ஆசிட்டும் விழுந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915-ல் பெல்ஜியப் போர்முனையில் ஆயுதமாக ஏவப்பட்ட வாயு அது. காற்றைவிடக் கனமானது என்பதால் முற்றத்திலும் படிக்கட்டு அடியிலும் தங்கி நிற்கும், குனிந்து தேய்த்துக்கொண்டிருப்பவரின் மூக்கு மட்டத்தில்.

இயந்திரத்தின் பக்கம் பேசுகிறவர்களுக்கும் காரணங்கள் உண்டு. பிரஷர் வாஷர் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர்தான் செலவழிக்கிறது, திறந்துவிட்ட குழாய் அதைவிட அதிகம் குடிக்கும் என்பார்கள். தண்ணீர் லாரிக்காகக் காத்துக் கிடந்த 2019-ஐ மறக்காத சென்னைக்கு இது சிறிய விஷயம் இல்லை. ஆனால் தெளிப்பானில் அடித்து, பாசி செத்த பிறகு பிரஷால் தேய்த்து அலசினால், அந்த 6 லிட்டரையும் மணிக்கணக்கில் ஓடவிடத் தேவையில்லை. சாரம் கட்டி ஆள் ஏறித் தேய்ப்பது ஆபத்து என்பது நியாயமான வாதம். நீண்ட கழி பொருத்திய பிரஷும் தெளிப்பானும் இரண்டாம் மாடி வரை எட்டும். மொட்டைமாடியிலும் நடைபாதையிலும் பாசி வழுக்கி வயதானவர்கள் விழுகிறார்களே என்றால், பேவர் கல் பதித்த நடைபாதையில் தாராளமாக இயந்திரத்தைப் பயன்படுத்தலாம். மொட்டைமாடித் தட்டோடுகளில் மட்டும் வேண்டாம். ஓடுகளுக்கு இடையே உள்ள பூச்சு பிய்ந்தால் அடியில் இருக்கும் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புப் படுகை நீரை வாங்கி வைத்துக்கொள்ளும். அதன் பிறகு அடுத்த மழைக்கு உள் கூரை ஒழுகும்.

பழைய பெயிண்ட் பொருக்கு போக நன்றாக அடித்துக் கழுவினால்தான் புதுப் பெயிண்ட் பிடிக்கும் என்பது பெயிண்டர்களின் வாதம். உறுதியான சிமெண்ட் பூச்சில், சுவர் நன்றாகக் காய அவகாசம் தந்தால், அதை ஒப்புக்கொள்ளலாம். காய்ந்ததா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. ஒரு முழச் சதுர பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு இறுக்கமாகச் சுவரில் ஒட்டி, ஓர் இரவு விட்டு, காலையில் பாருங்கள். உட்புறம் வியர்த்திருந்தால் அந்தச் சுவர் பெயிண்டுக்குத் தயாரில்லை, பொங்கல் நாளையே என்றாலும் தயாரில்லை. வாசல் பக்கத்துக்கு மட்டும் ஈரத்துணியால் துடைத்து, மாக்கோலமும் காவிப் பட்டையுமாகப் பொங்கலைக் கொண்டாடிவிட்டு, மாசிக் கடைசியில் பெயிண்டரை அழைக்கலாம்.

எந்தச் சுவர் என்று தெரியாவிட்டால், கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் நாணய விளிம்பால் கீறிப் பாருங்கள். சாம்பல் நிறமாக, கடினமாக, கீறலே விழாமல் இருந்தால் சிமெண்ட். வெண்மையாக மாவு உதிர்ந்தால் சுண்ணாம்பு. சுண்ணாம்பு என்றால் பிளீச்சிங் பவுடரும் வேண்டாம்; அது விட்டுச் செல்லும் உப்பு உள்ளே ஊறும். காய்ந்த தென்னை நார் பிரஷால் பாசியைத் தட்டி உதிர்த்து, வெடிப்புகளைச் சுண்ணாம்புச் சாந்தாலேயே அடைத்து, லேசாக நீர் தெளித்து நனைத்து, நன்றாக ஊறி வடிகட்டிய சுண்ணாம்பைப் பால் பதத்தில் இரண்டு மூன்று முறை அடிக்கச் சொல்லுங்கள். அடித்தவுடன் கலங்கலாக, அடிச்சுவர் தெரியும்படி இருக்கும். ஆள் சரியாக அடிக்கவில்லை என்று அப்போது சத்தம் போட வேண்டாம். காயக் காயத்தான் வெளுக்கும்.