மொறிஸ் மைனரும் நாமும்

மலர்க்குழுவினர் எம்மிடம் கட்டுரை கேட்டபோது, கல்வியைப் பற்றியோ சமயத்தைப் பற்றியோ எழுதுவோமென எதிர்பார்த்திருத்தல் கூடும். அவற்றை எழுத எம்மினும் வல்லார் பலர் இம்மலரில் உளர். நாம் சற்றே அறிந்த பொருள் ஒன்றே. அஃது ஒரு பழைய மோட்டார் வண்டி. 1971 ஆம் ஆண்டில், எமது இருபத்தைந்தாம் வயதில், ஓய்வுபெற்ற வைத்தியர் ஒருவரிடம் வாங்கிய 1958 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் இன்றும் எம் வீட்டு முற்றத்தில் நிற்கின்றது. அதன்பின் வேறொரு வண்டியை நாம் வாங்கினோமல்லோம். "இந்தப் பழசை ஏன் கட்டி அழுகிறியள்?" என்று கேட்போருக்கு இதுகாறும் சிரிப்பையே விடையாகத் தந்து வந்தோம். சிரிப்பு விடையாகாது. ஆதலின் காரணங்களை இங்கே முறையாக எடுத்துரைக்க முயல்கின்றோம்.

முதலில் வண்டியின் வரலாறு. இதனை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர். அவர் 1906 இல் சிமேர்னா நகரிற் பிறந்தவர். இன்று துருக்கியில் இஸ்மீர் என வழங்குவது அந்நகரே. 1922 இல் போர் அந்நகரை நெருங்கியபோது, இளைஞராகிய அவர் பெற்றோருடன் கப்பலேறி மால்ற்றாவுக்கு அகதியாகச் சென்றார். தந்தையை இடைவழியில் இழந்து, தாயுடன் இங்கிலாந்தை அடைந்தார். இலண்டனிற் பொறியியல் கற்றபோது கணிதப் பரீட்சையில் மும்முறை தவறினார் என்பர். மாணவர்கள் இதனை முன்மாதிரியாகக் கொள்ளற்க! அவருடைய கை வரைதலில் வல்லது. கண் அளவில் வல்லது. பிற்காலத்தில், 1959 இல், உலகப் புகழ்பெற்ற மினி வண்டியை ஆக்கியவரும் அவரே.

இரண்டாம் உலகப் போர்க்காலத்திலேயே இசிகோனிஸ் இச்சிறு வண்டியை வரையத் தொடங்கினார். போர் முடிந்து மாதிரி வண்டி உருவாகிய பின்னர், அதன் அகலம் போதாதென அவர் மனத்திற் பட்டது. உடனே வண்டியை நீளவாட்டில் இரண்டாக அறுப்பித்து, இரு பாதிகளையும் விலக்கி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் கூட்டுவித்தார். இயந்திர மூடியின் நடுவே முன்பின்னாக ஓடும் தட்டையான பட்டை அந்நான்கு அங்குலத்தின் அடையாளமே. நிறுவனத் தலைவராகிய நபீல்ட் பிரபுவுக்கு இவ்வுருண்டை வடிவம் பிடிக்கவில்லை. அவித்த முட்டை போலிருக்கின்றதென இகழ்ந்தார் என்பர். ஆயினும் 1948 இல் இலண்டன் ஏர்ல்ஸ் கோட் கண்காட்சியில் மொறிஸ் மைனர் வெளிவந்தது. 1960 ஆம் ஆண்டின் இறுதியிற் பத்து இலட்சமாவது வண்டி ஆக்கப்பட்டது. பிரித்தானிய வண்டிகளுள் அத்தொகையை முதன்முதல் எட்டியது இதுவே. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றபோது மொத்தம் பதினாறு இலட்சத்துக்கும் மேற்பட்டவை ஆக்கப்பட்டிருந்தன.

இனி இதன் அமைப்பு. தொடக்கத்தில் 918 கன சென்ரிமீற்றர் இயந்திரம் பொருத்தப்பட்டது. 1952 இல் மொறிஸ், ஒஸ்ரின் நிறுவனங்கள் இணைந்தபின் ஒஸ்ரினுடைய 803 க.செ.மீ. இயந்திரம் இடம்பெற்றது. 1956 இல் அது 948 ஆகவும், 1962 இல் 1098 ஆகவும் வளர்ந்தது. எமது வண்டி 948 இனது. இயந்திரத்தின் ஆற்றல் சிறிதேயாயினும் வண்டி வீதியைப் பற்றிக்கொண்டு ஓடும் திறம் பெரிது. காரணங்கள் இரண்டு. ஒன்று, சுக்கானைத் திருப்பும்போது பற்சக்கரமொன்று பற்சட்டத்தை நேரே தள்ளுவதால், கை நினைத்த இடத்துக்குச் சில்லு செல்லும். மற்றொன்று, முன் சில்லுகளைத் தாங்குவன சுருள்வில்கள் அல்ல. நீண்ட உருக்குக் கம்பிகள். ஈர வேட்டியைப் பிழிவதுபோல அக்கம்பி முறுகிப் பின் நிமிர்ந்து, பள்ளத்தின் அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்ளும்.

இவையெல்லாம் நூலிலுள்ள சிறப்புக்கள். எம்மைக் கட்டிப்போட்ட சிறப்பு வேறு. மூடியைத் திறந்தால் ஒவ்வோர் உறுப்பும் கண்ணுக்குத் தெரியும், கை உட்செல்லும். சாவியைத் திருப்பியதும் பெற்றோல் பம்பி "டிக், டிக்" என ஒலித்து, காபுறேற்றர் நிறைந்ததும் அடங்கும். ஒலி நில்லாவிடின் எங்கோ ஒழுக்கு உண்டென அறியலாம். பற்றறி இறந்தால் முன்புறத்திற் கைப்பிடியைச் செருகிச் சுழற்றிக் கிளப்பலாம். நான்கைந்து ஸ்பானரும் பொறுமையும் உடையான் ஒருவன் இவ்வண்டியை முற்றும் அறிந்துகொள்ளலாம்.

அவ்வறிவின் அருமை 1990 இற்குப் பின்னரே எமக்குப் புலனாயிற்று. போர் மீண்டும் மூண்டு, குடாநாட்டுக்குப் பெற்றோல், பற்றறி முதலியன வருவது தடைப்பட்ட காலம் அது. புதிய வண்டிகள் கொட்டில்களில் உறங்க, பழைய மொறிஸ்களும் ஒஸ்ரின்களும் மண்ணெண்ணெயில் ஓடின. இஃது எவ்வாறு இயன்றது? மண்ணெண்ணெய் குளிரில் எளிதில் ஆவியாகாது. ஆதலின் அதனால் இயந்திரத்தைக் கிளப்ப முடியாது. காற்றுப் புகும் வாயிற் சில துளி பெற்றோலை விட்டுக் கிளப்பி, இயந்திரம் சூடேறியபின் மண்ணெண்ணெயைக் கொடுத்தல் வேண்டும். அமுக்கம் மிகுந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் காலத்துக்கு முன்னரே வெடித்து உலோகத்தைத் தட்டும். பழைய இயந்திரங்களில் அமுக்கம் குறைவாதலின் அத்தட்டல் ஓரளவுக்குள் நின்றது. பொறி விழும் நேரத்தைச் சற்றுப் பிந்தச் செய்து நாம் அதனை மேலும் தணித்தோம். எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். ஆதலின் எண்ணெயை அடிக்கடி மாற்றவும் வேண்டியிருந்தது. புகையோ சொல்லுந்தரமன்று.

1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் யாவரும் வீடுவிட்டுப் புறப்பட நேர்ந்ததை இம்மலரைப் படிக்கும் பலர் அறிவர். எம் தாயார் நடக்கவியலாதவர். அவரைப் பின்னிருக்கையிற் கிடத்தி, மழையிற் செம்மணி வெளியால் நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஊர்ந்தோம். சனத்திரளினிடையே வண்டி நடையினும் மெல்லச் செல்லவே, றேடியேற்றர் கொதித்தது. இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தள்ளினோம். முக்கால் தொன் அளவே நிறையுடைய வண்டியாதலின், முன்பின் அறியாத மூன்று இளைஞர் கைகொடுக்க அது நகர்ந்தது. விடியும்போது தென்மராட்சியில் இருந்தோம். தாயார் கேட்டது ஒன்றே: "கார் ஈரமாய்ப் போச்சோ, தம்பி?" அவ்வண்டியை வகுத்தவரும் ஒரு காலத்தில் போர் நெருங்கிய நகரைவிட்டுத் தாயுடன் ஓடியவர் என்பதைப் பல ஆண்டுகளின் பின்னரே படித்தறிந்தோம். அன்றிலிருந்து அதனை விற்பது பற்றி எவரும் எம்மிடம் பேசுவதை நாம் விரும்புவதில்லை.

எனினும், பற்று குருடாதல் கூடாது. இவ்வண்டிக்குக் குறைகளும் உள. முன் சில்லுகளைத் தாங்கும் மரைமூட்டுக்குத் தவறாது கிறீஸ் இடல் வேண்டும். இடாவிடின் மரை தேய்ந்து ஒருநாட் கழன்றுவிடும். 2004 இல் எமது சோம்பலினாற் பல மாதம் அதனை மறந்தோம். கோப்பாய்ச் சந்தியிலே திரும்பும்போது வலப்புறச் சில்லு மடிந்து வண்டி முழந்தாளிட்டது. மெல்லச் சென்றமையால் உயிர் தப்பினோம். நாற்பது ஆண்டுகள் எம் வண்டியைப் பார்த்துவந்த மெக்கானிக் வந்து, குனிந்து நோக்கி, "ஐயா, வண்டி உங்களைக் கைவிடேல்லை, நீங்கள்தான் வண்டியைக் கைவிட்டிட்டியள்" என்றார். அன்று வெட்கினோம். இன்றும் மாதந்தோறும் கிறீஸ் இடும்போது அச்சொல் காதில் விழுகின்றது.

வெளிநாட்டிற் பொறியியலாளனாயிருக்கும் எம் மகன் வேறு நியாயம் கூறுவான். இதன் பிறேக் இக்காலத்து வேகத்துக்குப் போதாது; மோதினாற் காக்கும் அமைப்பு எதுவும் இல்லை என்பான். அவன் கூறுவது மெய்யே. ஆகவே நாம் இரவில் ஓட்டுவதில்லை. ஏ9 வீதிப் பயணத்துக்கு இதனைக் கொண்டுபோவதுமில்லை. பேரப்பிள்ளைகளை ஏற்றி ஊர்ச் சந்திக்கு அப்பாற் செல்வதுமில்லை. பிறர் இதனை வாங்கவேண்டுமென்றும் கூறோம். ஒரு பொருளை நேசித்தல் வேறு, அதனை எல்லார்க்கும் விதித்தல் வேறு.

உதிரிப்பாகம் எங்கே பெறுகின்றீர் என்று கேட்பாருமுண்டு. 1990களில் எமக்கு ஓர் ஆணியும் கிடையாதிருந்த அதே காலத்தில், இங்கிலாந்தின் பாத் நகரில் அந்நாளில் இருந்த மொறிஸ் மைனர் நிலையமொன்றுக்காக நம் நாட்டின் தென்பகுதியில் இவ்வண்டியின் உறுப்புக்கள் செய்யப்பட்டுக் கப்பலேறின! 2002 இல் ஏ9 வீதி திறந்தபின்னரே இச்செய்தியை அறிந்து வியந்தோம். இன்று பணமும் பொறுமையும் இருப்பின் உறுப்புக் கிடைக்கும். கிடைத்தற்கரியது கையறிவே. மேற்கூறிய மெக்கானிக் ஈராண்டுக்கு முன் காலமானார். காபுறேற்றரின் ஊசியைச் செவியால் அளந்து திருத்தும் வித்தை அவரோடு பெரும்பாலும் போயிற்று. நாம் பார்த்துக் கற்றது காற்பங்குதானும் இராது.

அக்காற்பங்கேனும் எம்மோடு அழிந்துவிடலாகாது என்பதே இக்கட்டுரையின் நோக்கம். நம் கல்லூரி மாணவருள் விருப்பமுடையோர் சனிக்கிழமை காலையில் எம் வீட்டுக்கு வரலாம், மூடி திறந்திருக்கும். உடுப்பு அழுக்காகுமென்பதை அன்னைமாருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு வருக. பழைய மாணவர் எவர் வீட்டிலேனும் மொறிஸ் மைனரின் உறுப்புக்கள் பயனின்றிக் கிடப்பின், இரும்புக்காரரிடம் நிறுத்துக் கொடாமல் எமக்கு ஒரு சொல் அனுப்புக. எமக்குப் பின் இவ்வண்டியை ஓட்டுவார் யாரென அறியோம். கழற்றிப் பூட்டத் தெரிந்த ஒரு பிள்ளை இவ்வூரில் இருப்பின் அதுவே எமக்குப் போதும்.