சொந்த ஜெட்டை வாடகைக்கு விட்டால் கட்டுப்படியாகுமா?

2003 பிப்ரவரி 17 அன்று, இத்தாலியின் மிலான் நகரத் தெருவில் பட்டப்பகலில் ஒருவர் கடத்தப்பட்டார். அபு ஒமர் என்று அறியப்பட்ட எகிப்திய இமாம் அவர். முதலில் ஜெர்மனியிலுள்ள ராம்ஸ்டைன் விமானத் தளத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்; அங்கிருந்து அவரைக் கெய்ரோவுக்குக் கொண்டுபோனது ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட். கடத்தியவர்கள் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் ஆட்கள். ஆனால் விமானம் சிஐஏவுடையது அல்ல. பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் பங்குதாரர்களில் ஒருவரான பிலிப் மோர்ஸ் என்ற தொழிலதிபருடையது.

மோர்ஸ் தன் விமானத்தைப் பராமரிக்கும் பொறுப்பை ரிச்மோர் ஏவியேஷன் என்ற நிறுவனத்திடம் கொடுத்திருந்தார். அவர் பறக்காத நாட்களில் ரிச்மோர் அதை வெளியாருக்கு வாடகைக்கு விட்டது. வாடிக்கையாளர்களில் சிஐஏவும் ஒன்று என்பது 2005-ல் அமெரிக்கப் பத்திரிகைகளில் வெளியானது. சிஐஏ பயணங்களின்போது விமானத்தின் மேலிருந்த ரெட் சாக்ஸ் சின்னம் மூடி மறைக்கப்பட்டதும் அப்போதுதான் தெரிந்தது. பின்னர் ரிச்மோருக்கும் அந்தப் பயணங்களை ஏற்பாடு செய்த இடைத்தரகருக்கும் பணத் தகராறு வந்து, வழக்கு நியூயார்க் மாநில நீதிமன்றத்துக்குப் போனது. பயணப் பதிவுகளும் பில்களும் பொது ஆவணங்களாகிவிட்டன. சொந்த உபயோகத்துக்காக வாங்கிய விமானம் உலக அரசியலின் இருண்ட பக்கம் ஒன்றில் நிரந்தரமாக இடம்பிடித்தது.

எல்லா உரிமையாளருக்கும் இப்படி நேர்வதில்லை. என்றாலும், விமானம் வாங்குபவர் காதில் முதல் நாளிலிருந்தே விழும் ஒரு யோசனையை இந்தக் கதை வேறு கோணத்தில் பார்க்க வைக்கிறது. “சும்மாதானே நிற்கிறது, வாடகைக்கு விட்டால் என்ன?” என்பதுதான் அந்த யோசனை. விற்பனைத் தரகர் சொல்வார், பராமரிப்பு நிறுவனம் சொல்லும், சில சமயம் கணக்குப் பிள்ளையும் சொல்வார்.

யோசனைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஜெட் வைத்திருப்பது யானையைக் கட்டித் தீனி போடும் காரியம். பறந்தாலும் பறக்காவிட்டாலும் இரண்டு விமானிகளுக்குச் சம்பளம் உண்டு. அவர்கள் குறித்த இடைவெளியில் சிமுலேட்டர் பயிற்சிக்குப் போயே ஆக வேண்டும். ஹேங்கர் வாடகை, காப்பீட்டுப் பிரிமியம், வழிகாட்டு மென்பொருள்களுக்கான சந்தா, நாள் கணக்கில் வரும் கட்டாயச் சோதனைகள் எல்லாம் நிலையான செலவு. வருடத்துக்கு நூறு மணி நேரம் மட்டும் பறக்கும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மணி நேரமும் மலைக்க வைக்கும் விலையில் முடியும்.

வாடகை இந்தச் சுமையை எவ்வளவு குறைக்கும்? அமெரிக்காவில் பரவலாக உள்ள வழக்கம், வாடகைத் தொகையில் 85 சதவீதம் உரிமையாளருக்கு, 15 சதவீதம் இயக்கும் நிறுவனத்துக்கு என்பது. 85 என்ற எண்ணைக் கேட்டதும் மனம் குளிரும். ஆனால் எரிபொருளும் பராமரிப்பும் பெரும்பாலும் அந்த 85-க்குள்ளிருந்துதான் போக வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் புரிதலுக்காக வைத்துக்கொண்டவை; விமானத்துக்கு விமானம் மாறும். மணிக்கு 6,000 டாலர் வாடகை, வருடத்துக்கு 200 மணி நேரம் என்றால் வரவு 12 லட்சம் டாலர். விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் இருப்பது இந்த எண்தான். இயக்குபவரின் பங்கு போக உரிமையாளருக்கு 10,20,000. எரிபொருள், இன்ஜின் பராமரிப்புத் திட்டத்துக்கு மணிக்கணக்கில் கட்டும் தொகை, உதிரிபாகம், தரையிறங்கும் கட்டணம், விமானிகளின் ஹோட்டல் செலவு எல்லாம் சேர்த்து மணிக்கு 3,500 டாலர் என்று வைத்தால் 7 லட்சம் கழியும். மிச்சம் 3,20,000. நிலையான செலவு வருடத்துக்கு 9 லட்சம் டாலர் என்றால், அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் திரும்பி வந்திருக்கிறது. விமானத்தின் விலை வருடா வருடம் இறங்குவதை இதில் சேர்க்கவே இல்லை.

ஆக, வாடகை நஷ்டத்தைக் குறைக்கிறது. விமானம் தன் செலவைத் தானே சம்பாதித்துக்கொள்ளும் என்று யாராவது சொன்னால், எத்தனை மணி நேரம் பறந்து, என்ன வாடகையில், எந்தச் செலவுகளை விட்டுவிட்டு அப்படிச் சொல்கிறார் என்று எழுத்தில் கேட்க வேண்டும்.

அந்த 200 மணி நேரமும் உறுதியில்லை. பெருந்தொற்றுக் காலத்தில், 2020-க்குப் பின், வழக்கமான விமானங்களைத் தவிர்க்க நினைத்த வசதி படைத்தவர்கள் சார்ட்டர் எனும் வாடகை விமானங்கள் பக்கம் குவிந்தார்கள், வாடகையும் ஏறியது. இரண்டு மூன்று வருடங்களில் அந்த அலை வடிந்தது. உச்சத்தில் கணக்குப் போட்டு விமானம் வாங்கியவர்கள் வற்றிய காலத்திலும் அதே தவணையைத்தான் கட்ட வேண்டியிருந்தது. தவிர, வாடிக்கையாளரை ஒரு ஊரில் இறக்கிவிட்டால் திரும்பி வரும் பயணம் பெரும்பாலும் காலி. அந்தக் காலிப் பயணத்தின் செலவை யார் ஏற்பது என்பதை ஒப்பந்தத்தில் முதலிலேயே எழுதிக்கொள்ளாதவர் பிறகு வருந்துவார்.

நாட்களும் மோதும். கிறிஸ்துமஸ் வாரத்தில் உரிமையாளரும் குடும்பத்தோடு போக விரும்புவார். வாடகைக்கு நல்ல விலை கிடைப்பதும் அதே வாரத்தில்தான். நல்ல விலை வேண்டுமென்றால் விமானத்தை விட்டுக்கொடுக்க வேண்டும், விமானம் வேண்டுமென்றால் விலையை. பலர் தங்கள் ஜெட்டை வாடகைக்கு அனுப்பிவிட்டு, அவசரத்துக்கு இன்னொருவர் ஜெட்டை வாடகைக்கு எடுக்கும் நிலைக்கும் வந்து சேர்கிறார்கள்.

தேய்மானத்தைப் பற்றி இரண்டு தரப்பிலும் உண்மை இருக்கிறது. மறுவிற்பனையில் வாங்குபவர் முதலில் பார்ப்பது எத்தனை மணி நேரம் பறந்தது, எத்தனை முறை இறங்கியது என்பதை. தோல் இருக்கையில் கறை, மேசையில் கீறல், கம்பளத்தில் ஒயின் எல்லாம் வாடகை விமானத்தின் வழக்கமான காயங்கள். மறுபக்கம், நின்றே கிடக்கும் விமானமும் கெடும்: சீல்கள் காயும், துரு பிடிக்கும், பேட்டரி இறங்கும், விமானிகளின் கைப்பழக்கமும் குறையும். மாதத்துக்குச் சில தடவையாவது பறக்கும் விமானமே ஆரோக்கியமானது. வருடத்துக்கு 50 மணி நேரம்கூடப் பறக்காத உரிமையாளருக்கு இது வாடகைக்கு ஆதரவான நல்ல வாதம்.

பணத்தைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. தமிழ்நாட்டில் கார் வைத்திருப்பவருக்கு அதை ஒரே வரியில் விளக்கிவிடலாம். ஓன் போர்டு வண்டியில் கூலி வாங்கிச் சவாரி ஏற்றக்கூடாது. அதற்கு மஞ்சள் பலகை வேண்டும். விமானத்திலும் இதே கோடு இருக்கிறது. அமெரிக்காவில் சொந்தப் பயணங்கள் விமானப் போக்குவரத்து விதிகளின் 91-ஆம் பகுதிக்குள் வரும். கூலிக்கு ஆளேற்றுவது 135-ஆம் பகுதி. அதற்குத் தனிச் சான்றிதழ் வேண்டும். உரிமையாளர்கள் பெரும்பாலோர் தாமே அந்தச் சான்றிதழை வாங்குவதில்லை; ஏற்கெனவே வைத்திருக்கும் நிறுவனத்தின் சான்றிதழில் தங்கள் விமானத்தைச் சேர்க்கிறார்கள். சேர்ப்பதற்குள் மாதங்கள் ஓடலாம். இருக்கைத் துணியை மாற்றியிருந்தால் அது எளிதில் தீப்பற்றாது என்பதற்கான சோதனைச் சான்று உட்பட ஒவ்வொரு காகிதத்தையும் காட்ட வேண்டும்.

சேர்த்த பிறகு, வாடகைப் பயணத்தைப் பொறுத்தவரை அது அவருடைய விமானமே அல்ல. யார் ஓட்டுவது, கிளம்புவதா வேண்டாமா என்பதைச் சட்டப்படி முடிவு செய்வது சான்றிதழ் வைத்திருக்கும் நிறுவனம். விதிகளும் கடுமையாகும். சொந்தப் பயணத்தில் விமானி எத்தனை மணி நேரம் பணியில் இருக்கலாம் என்பதற்கு 91-ஆம் பகுதியில் பொதுவான உச்சவரம்பு கிடையாது. 135-ல் இரண்டு விமானிகள் சேர்ந்து 24 மணி நேரத்தில் பொதுவாக 10 மணி நேரம்தான் பறக்கலாம். 10 மணி நேர ஓய்வும் வேண்டும். ஜெட் விமானம் ஓடுபாதை நீளத்தின் 60 சதவீதத்துக்குள் நின்றுவிடும் என்று கணக்குக் காட்ட வேண்டும் என்பது அடிப்படை விதி. அதாவது 5,000 அடிப் பாதை என்றால் 3,000 அடிக்குள். இந்தக் கடுமை கூலி கொடுத்து ஏறும் அறிமுகமில்லாத பயணியின் உயிருக்காக இருப்பது. அதைத் தொல்லையாகப் பார்க்கும் உரிமையாளர் வாடகைத் தொழிலுக்கு வரக்கூடாது.

கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு 2005 பிப்ரவரி 2-ஆம் தேதி நியூ ஜெர்சியின் டீட்டர்பரோ விமான நிலையம் சாட்சி. கிளம்ப ஓடிய சேலஞ்சர் ஜெட் ஒன்று தரையை விட்டு எழவே இல்லை. ஓடுபாதையைத் தாண்டி, நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்து, ஒரு கிடங்கின் சுவரை இடித்துக்கொண்டு நின்றது. பலர் காயமடைந்தார்கள், யாரும் இறக்காதது அதிர்ஷ்டம். விமானத்தின் எடை முன்பக்கம் அளவுக்கு மீறிச் சாய்ந்திருந்ததை விசாரணை கண்டுபிடித்தது. விமானத்தை இயக்கிய நிறுவனம் உரிய சான்றிதழ் இல்லாமல், இன்னொரு நிறுவனத்தின் சான்றிதழ் நிழலில் வாடகை ஓட்டியதும் வெளிவந்தது. விலை மலிவான இடத்தில் எரிபொருளை அளவுக்கு மேல் நிரப்பிக்கொண்டார்கள் என்பதும் அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு. நிறுவனத்தை நடத்தியவர்கள் 2010-ல் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது.

அடுத்த சம்பவத்தில் சிக்கியது ஜெட் அல்ல, ஒற்றை இன்ஜின் பைப்பர் மாலிபு. ஆனால் பாடம் ஜெட் உரிமையாளருக்கும் அதேதான். 2019 ஜனவரி 21 இரவு, அர்ஜென்டினா கால்பந்து வீரர் எமிலியானோ சாலா பிரான்ஸின் நான்ட் நகரிலிருந்து கார்டிஃபுக்குக் கிளம்பினார். கார்டிஃப் சிட்டி அணி அப்போதுதான் அவரை ஒப்பந்தம் செய்திருந்தது. வயது 28. ஆங்கிலக் கால்வாய் மேல் விமானம் உடைந்து விழுந்தது. விமானி டேவிட் இபட்சனிடம் இருந்தது தனியார் விமானி உரிமம் மட்டுமே. கூலிக்குப் பயணி ஏற்ற அவருக்கு அனுமதி இல்லை. இரவில் ஓட்டத் தகுதி இல்லை. அந்த வகை விமானத்துக்கான தகுதியும் காலாவதியாகியிருந்தது. புகைபோக்கி அமைப்பிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடு வாயு அவரைப் பாதித்திருக்கக்கூடும் என்றும் பிரிட்டிஷ் விபத்து விசாரணைப் பிரிவு 2020-ல் அறிவித்தது. சாலாவின் உடல் கிடைத்தது. இபட்சனின் உடல் கிடைக்கவே இல்லை.

பயணத்தை ஏற்பாடு செய்த டேவிட் ஹெண்டர்சனுக்கு 2021 நவம்பரில் 18 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அந்த விசாரணையில் ஒரு விஷயம் வெளியே வந்தது: இபட்சன் முன்பு வான்வெளி விதிகளை மீறியதாகத் தெரிந்ததும், இனி அவர் இந்த விமானத்தை ஓட்டக்கூடாது என்று உரிமையாளர் தரப்பு ஹெண்டர்சனிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. சொல்லியும் இபட்சனே ஓட்டினார். உரிமையாளரின் வார்த்தைக்கு மதிப்பு இருக்கிறதா என்று கண்காணிக்கும் ஏற்பாடு அங்கே இல்லை. முறையான சான்றிதழ் உள்ள நிறுவனத்தில் அந்த ஏற்பாடு காகிதத்திலாவது இருந்தாக வேண்டும், தணிக்கைக்கும் வரும்.

நண்பருக்கு விமானம் கொடுத்து “பெட்ரோல் காசு மட்டும் கொடு” என்று வாங்குவதுகூடப் பல நாடுகளில் இந்தக் கோட்டின் மேல் கால் வைப்பதுதான். அமெரிக்க விதி குறிப்பிட்ட சில ஏற்பாடுகளில், எழுத்து ஒப்பந்தத்தோடு, எரிபொருள் செலவும் அதே அளவு இன்னொரு தொகையும் இன்னும் சில செலவுகளும் வாங்க இடம் தருகிறது. அதைத் தாண்டி ஒரு டாலர் வாங்கினாலும் வாடகை. விபத்தென்று வந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் தேடுவது அந்த ஒரு டாலரைத்தான்.

வரிக் கணக்கு தனி உலகம். அமெரிக்காவில் தொழிலுக்காக வாங்கும் விமானத்தின் முழு விலையையும் முதல் வருடமே தேய்மானமாகக் கழித்துக்கொள்ள 2017 சட்டம் இடம் கொடுத்தது. 2023 முதல் படிப்படியாகக் குறைந்துவந்த அந்தச் சலுகையை 2025 ஜூலையில் வந்த சட்டம் திரும்பக் கொண்டுவந்தது. ஆனால் வாடகையை நேரடியாகக் கவனிக்காத உரிமையாளருக்கு அந்த நஷ்டத்தைத் தன் மற்ற வருமானத்தில் கழிக்கத் தடைகள் உண்டு. 2024 பிப்ரவரியில் அந்நாட்டு வரித்துறை நிறுவன ஜெட்களின் சொந்த உபயோகத்தைத் தணிக்கை செய்யப்போவதாக அறிவித்தது. வரிக்காக மட்டும் வாடகைக்கு விடுபவருக்கு அது போதுமான எச்சரிக்கை.

இந்தியாவில் வரியே முடிவைத் திருப்பிவிடுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சொந்த உபயோக விமானத்துக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். மற்ற விமானங்களுக்கு 5. விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ தரும் அட்டவணையில்லா இயக்க அனுமதி, அதாவது என்எஸ்ஓபி, வாங்கி வாடகை விமானமாகக் கொண்டுவந்தால் வித்தியாசம் கோடிகளில் வரும். 2007-ல் வந்த சுங்கச் சலுகையும் இப்படிப்பட்ட விமானங்களுக்கு, வாடகைச் சேவைக்கு மட்டுமே பயன்படுத்துவோம் என்ற உறுதிமொழியோடு கிடைத்தது. உறுதிமொழி கொடுத்துவிட்டுச் சொந்தக் குழுமத்து ஆட்களையே ஏற்றினார்கள் என்று சுங்கத்துறை தொடுத்த வழக்குகள் தீர்ப்பாயங்களில் வருடக்கணக்கில் நடந்தன. தேர்தல் பிரச்சாரக் காலத்தில் இங்கே விமானங்களுக்கும் ஹெலிகாப்டர்களுக்கும் போட்டி வரும், வாடகை ஏறும். ஆனால் தேர்தல் சில வாரம். அனுமதிக்கான ஆட்களையும் பாதுகாப்பு ஏற்பாடுகளையும் வருடம் முழுக்க வைத்திருக்க வேண்டும்.

அப்படியானால் யார் வாடகைக்கு விடலாம்? சந்தையில் தேவை உள்ள நடுத்தர ரக ஜெட் வைத்திருப்பவர், தன் பயண நாட்களை முன்கூட்டியே சொல்லக்கூடியவர், இருக்கையில் கறை விழுந்தால் மனம் நோகாதவர், யார் ஏறலாம் என்ற உரிமையை இன்னொருவரிடம் கொடுக்கச் சம்மதிப்பவர் விடலாம். மறுநாள் காலை கிளம்ப வேண்டும் என்று இரவு பத்து மணிக்கு முடிவெடுப்பவருக்கு இது ஒத்துவராது. வாடகை வரவு இல்லாவிட்டால் தவணை கட்ட முடியாது என்ற நிலையில் இருப்பவர் அந்த விமானத்தை வாங்கவே கூடாது.

முழு விமானத்தை வாங்காமல் அதில் பங்கு மட்டும் வாங்கும் வழியும் உண்டு. முதலீட்டாளர் வாரன் பஃபெட் 1980-களின் கடைசியில் தன் பெர்க்‌ஷயர் நிறுவனத்துக்கு ஒரு ஜெட் வாங்கியபோது, அதற்கு ‘நியாயப்படுத்த முடியாதது’ என்ற பொருளில் பெயர் சூட்டிப் பங்குதாரர்களுக்கு எழுதினார். 1990-களின் நடுவில் அவர் வேறு வழிக்கு மாறினார். நெட்ஜெட்ஸ் திட்டத்தில் ஒரு ஹாக்கர் 1000 ஜெட்டின் கால் பங்கை, வருடத்துக்கு 200 மணி நேரம் பறக்கும் உரிமையோடு வாங்கினார். 1998-ல் அந்தத் திட்டத்தை நடத்திய நிறுவனத்தையே பெர்க்‌ஷயர் 72.5 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது.