முதலில் போத்தல், பிறகு குளிசை

மாரி மழை விழுந்து விசுவமடுப் பக்கத்துக் கட்டில்லாக் கிணறுகளுக்குள் வெள்ளம் இறங்கிவிட்டால், வயிற்றோட்டக்காரர் வரத் தொடங்கிவிடுவார்கள். அதில் புதுமை இல்லை. அவர்கள் பிந்தி வருவதுதான் என்னை வருத்துகிறது. சளியும் இரத்தமுமாகப் போய் மூன்றாம் நாள், நாலாம் நாள்தான் வருகிறார்கள். அதற்குள் பாமசியில் வாங்கிய கப்சூலில் பாதி முடிந்திருக்கும். மலத்தைக் கல்ச்சருக்கு அனுப்பினால் 'கிருமி வளரவில்லை' என்று வருகிறது. அதை நம்பி வீட்டுக்கு அனுப்ப முடியாது. அரைகுறை மருந்தில் அடங்கிய கிருமி ஆய்வுகூடத் தட்டில் முளைக்காமலும் போகும். எந்த மருந்துக்கு அது மடங்கும் என்று அறியும் வழியும் அதோடு அடைபடுகிறது.

எப்படி எடுப்பது

போத்தலை ஆய்வுகூடத்திலேயே கேட்டு வாங்குங்கள். யோகட் கோப்பை, தீப்பெட்டி, சொப்பிங் பை எதுவும் வேண்டாம். டெட்டோல் விட்டுக் கழுவிய போத்தலும் வேண்டாம், மிஞ்சிய துளியே கிருமியைக் கொன்றுவிடும். மலசலகூடக் குழிக்குள் விழுந்ததை எடுக்காதீர்கள். சுத்தமான பொலித்தீன் விரித்து, சலமோ தண்ணீரோ மண்ணோ கலவாமல், ஒரு தேக்கரண்டி அளவு எடுத்தால் போதும். வெட்கப்பட்டு நல்லதாகத் தெரியும் பகுதியைத் தேடி எடுக்கிறார்கள். எங்களுக்கு வேண்டியது சளியும் இரத்தமும் உள்ள பகுதி. பிள்ளையின் பம்பேர்சுக்குள்ளும் பொலித்தீன் வைத்தே எடுங்கள்.

எடுத்து ஒரு மணி, மிஞ்சினால் இரண்டு மணிக்குள் ஆய்வுகூடத்தில் இருக்க வேண்டும். வயிற்றுளைவு தரும் சிகெல்லா, வெளியே வந்த மலத்தில் சில மணிநேரத்திலேயே செத்துப்போகும் கிருமி. ஏ-35 வீதி வெயிலில் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் கிடந்து கிளிநொச்சி போய்ச் சேரும் போத்தலில் என்ன மிஞ்சும்? முடிந்தால் வைத்தியசாலைக்கு வந்து அங்கேயே எடுத்துக் கொடுங்கள். தாமதம் தவிர்க்க முடியாதென்றால் கேரி-பிளேயர் என்ற பாதுகாப்பு ஊடகம் உள்ள குழாயைக் கேளுங்கள். பெயர், திகதி, எடுத்த நேரம், ஏற்கெனவே விழுங்கிய குளிசை எல்லாவற்றையும் சொல்லுங்கள். மறைத்தால் முடிவு பிழைக்கும்.

கேட்டுக் கேட்டு அலுத்த கதைகள்

'வெறுவயிற்றோடு வரவேண்டும்.' தேவையே இல்லை. வயிற்றோட்டக்காரர் பட்டினி கிடந்து, தண்ணீரும் குடியாமல், கண் குழிவிழுந்து வந்து நிற்பதற்கு இந்த நம்பிக்கையும் ஒரு காரணம். காலை மலம்தான் வேண்டும் என்பதும் தவறு.

'பேதி குடித்து வயிற்றைக் கழுவிவிட்டு வந்தேன்.' ஏற்கெனவே நீர் வற்றிய உடம்பை ஏன் மேலும் பிழிகிறீர்கள்?

'கோப்பித்தூளும் தேசிக்காயும் தின்றதும் நின்றது.' நீராகப் போகும் வயிற்றோட்டம் பெரும்பாலும் தானாகவே நிற்கும். பெயர் மட்டும் கோப்பித்தூளுக்கு. மாதுளங்கோது அவித்த தண்ணீரை நம்பி இரத்தப்போக்கோடு நாள் கடத்துவதும் இப்படித்தான்.

'நிற்பாட்டும் குளிசை போட்டேன்.' லோபரமைட் குடலின் ஓட்டத்தைத்தான் கட்டும். இரத்தமும் காய்ச்சலும் உள்ளவருக்கு அது ஆபத்து. குழந்தைக்குத் தரவே கூடாது.

'போன முறை மகனுக்குத் தந்த மெட்ரோனிடசோல் மிச்சம் இருந்தது.' அது அமீபாவுக்கு வேலை செய்யும், சிகெல்லாவுக்குச் செய்யாது. அடுத்தவர் மிச்சக் குளிசையை விழுங்கும் இந்தப் பழக்கத்தை எத்தனை தரம் கண்டித்தும் விடுகிறார்கள் இல்லை.

சோதனை

கல்ச்சர் முடிவுக்கு இரண்டு மூன்று நாள் செல்லும். நெருப்புக் காய்ச்சலுக்கு முதல் கிழமையில் இரத்தக் கல்ச்சரே பயன். இரைப்பைப் புண் கிருமியை மலத்தில் தேடுவதானால், வைத்தியரைக் கேட்டு ஒமெப்ரசோலை 2 கிழமைக்கும், நுண்ணுயிர்க்கொல்லியை 4 கிழமைக்கும் முன்பே நிறுத்தவேண்டும்.

கையெடுத்துக் கேட்கிறேன்

கொதித்தாறிய தண்ணீரை மட்டும் குடியுங்கள். வெள்ளம் புகுந்த கிணற்றுக்குக் குளோரின் இடப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழையுங்கள். வயிற்றோட்டம் தொடங்கிய உடனே ஜீவனி (வாய்வழி நீரேற்று உப்புத்தூள்) ஒரு பக்கெற்றை ஒரு லீற்றர் நீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். பிள்ளை சோர்ந்து, சலம் குறைந்து, அழும்போது கண்ணீர் வராவிட்டால் விடியும்வரை பொறுக்காதீர்கள், இரவிலேயே கொண்டுவாருங்கள்.

பாமசிக்காரத் தம்பிமாரே, துண்டில்லாமல் வருவோருக்கு நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்காதீர்கள். ஜீவனியைக் கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுங்கள். வயிற்றுளைவும் நெருப்புக் காய்ச்சலும் சட்டப்படி அறிவிக்கவேண்டிய நோய்கள். அதற்காகப் பரிசோதகர் வீட்டுக்கு வந்தால் கூச்சப்படாமல் கிணற்றையும் மலசலகூடத்தையும் காட்டுங்கள், வீட்டில் வேறு யாருக்கெல்லாம் போகிறது என்பதையும் சொல்லுங்கள்.